போலீஸ் சௌக்கியில் ஒரு பிராக்டிகல்

1

நேற்று எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை முடிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, டாக்ஸி ஏறிப் போன பிறகு லேபில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குடுவை உடையவில்லை, ஒருவர் கையும் வேகவில்லை, ஒரு பையனும் அழவில்லை. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் முழங்கை பட்டு, மேஜையில் இருந்த ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்து என் சேலை மடியெல்லாம் நனைந்துபோயிற்று.

அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே வாடைதான் என்னைத் தாராவியில் ஒரு போலீஸ் சௌக்கி பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஊர்ப்பக்கம் போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காத குடும்பத்துப் பெண் நான். சாராயம் கடத்துகிறவள் என்று பிடித்தார்கள்.

ஸ்பிரிட் பட்ட துணி நன்றாகக் காயும்வரை கல்லூரியை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அன்றைக்குக் கற்ற பாடம். ஆகவே நேற்றும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சேலையைக் காயவைத்தேன். காய்கிற நேரத்தில் மனதுக்குள் ஓடியதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

2

பாளையங்கோட்டையில் இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். சண்முகவடிவு. ‘பிள்ளைகளுக்கு மருந்து கலக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலையாமே?’ என்று என் அம்மாவிடம் விசாரித்தவர்களும் உங்களில் உண்டு. அம்மா அதை அப்படியே எனக்குக் கடிதத்தில் எழுதிவிடுவாள். கல்யாணமாகி பம்பாய் வந்தேன். இவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. செம்பூரில் வீடு. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, புரொபசர் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கும்போது, அவர்கள் தங்களையோ கட்டடத்தையோ கொளுத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

ஆர்கானிக் பிராக்டிகல் என்றால் என்ன என்று கேட்டால் இவ்வளவுதான். ஒரு சின்னக் குழாயில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதோ ஒன்றைக் கொடுப்போம். அது என்ன பொருள் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கரைத்துப் பார்க்க வேண்டும், எரித்துப் பார்க்க வேண்டும், பிறகு அதை வேறொரு பொருளாக மாற்றி, ஸ்பிரிட்டில் கரைத்து, மறுபடி படிகமாக இறக்கிக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் அப்படியா செய்கின்றன? குழாயைக் கையில் வாங்கின உடனே ஒருத்தன், ‘மேடம், பார்த்தாலே தெரியுது, இது பென்சாயிக் ஆசிட்’ என்பான். எனக்கு வருமே கோபம்! ‘நிறத்தைப் பார்த்துப் பேர் சொல்லாதே. நிரூபி. பக்கத்திலே ஒரு பிளாங்க் வச்சு நிரூபி’ என்று கத்துவேன். பிளாங்க் என்று எங்கள் லேபில் சொல்வது ஒப்பிட்டுப் பார்க்க. நமக்கு என்னவென்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதே சோதனையைச் செய்து பார்ப்பது. என் தொண்டைத் தண்ணீர் பாதி இந்த ஒரு வார்த்தையில்தான் வற்றுகிறது.

கத்துவது எந்தப் பாஷையில் என்பதுதான் கஷ்டம். குஜராத்திப் பையன், மராட்டிப் பெண், சிந்தி, தமிழ் என்று ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பாஷை. வந்த புதிதில் ஒருத்தன் பர்னர் திருகைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ‘அதை விட்டுடு’ என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ‘கேஸ் சோட் தோ’ என்றேன். அவனும் நல்ல பிள்ளையாக கேஸைத் திறந்து விட்டுவிட்டான். அன்றைக்கு ஜன்னல் கதவுகளையெல்லாம் திறந்து, எல்லோரையும் தாழ்வாரத்துக்கு விரட்ட வேண்டியதாயிற்று.

என் மகள் கோமதிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இங்கேயே பிறந்தவள். குழாயில் தண்ணீர் வந்தால் ‘அம்மா, பானி ஆயா!’ என்றுதான் கத்துகிறாள். ஆச்சரியம், கோபம், சண்டை எல்லாம் ஹிந்தியில். பசி மட்டும்தான் தமிழில். ‘தாத்தாவுக்கு நாலு வரி எழுதுடி’ என்றால் ‘அ’ எழுதி, ‘ஆ’ எழுதி, பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. திட்டிவிட்டு, அப்புறம் அவளையே கூட்டிக்கொண்டு காய்கறிக்காரியிடம் பேரம் பேசப் போகிறேன்.

3

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் நான் இன்னும் டெம்பரரி. ஒவ்வொரு ஜூனிலும் புது ஆர்டர் தருவார்கள், இல்லாவிட்டால் தரமாட்டார்கள். டிபார்ட்மென்ட் தலைவர் என்னைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ‘இந்தப் பிராக்டிகல் பரீட்சை லேபில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தால் உனக்குப் பெர்மனென்ட். வருகிற எக்ஸாமினர் பொல்லாதவர். போன வருஷம் வேறொரு கல்லூரியில் தண்ணீர்க் குழாய் ஒழுகிற்று என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதியவர்.’

எங்கள் லேபில் ஒழுகாத குழாயைத்தான் தேட வேண்டும். ஆவியைக் குளிரவைக்கிற கண்ணாடிக் கண்டென்சருக்குத் தண்ணீர் கொண்டுபோவது ரப்பர் குழாய். அதெல்லாம் வெடித்து, பழம்புடலங்காய் போல் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் வேண்டும் என்று தீபாவளிக்கு முன்னாலேயே ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று கடைகளில் விலை கேட்டு வா என்றார்கள். கேட்டு வந்தேன். கமிட்டி கூட வேண்டும் என்றார்கள். கமிட்டி கூடி, ‘பழைய குழாய்களைத் திருப்பிக் கொடுத்தால் புதியது வழங்கலாம்’ என்று தீர்மானம் போட்டது. பழையதைக் கொடுத்துவிட்டு, புதியது வருகிறவரை தண்ணீரை வாயிலா கொண்டுபோவது? கேட்டதற்கு, அதற்கு இன்னொரு கமிட்டி என்றார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் கடைசியாக ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரு குழாய் படாரென்று பிய்த்துக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்க, பக்கத்தில் இருந்த பெண் பயந்து பின்வாங்க, ஸ்பிரிட் ஜாடி கவிழ்ந்து, பிடிக்கப் போன என் வெள்ளைக் கோட்டு முழுக்க நனைந்தது. நல்ல வேளை, பக்கத்தில் பர்னர் எரியவில்லை. கோட்டைக் கழற்றிச் சுருட்டி, துவைக்கலாம் என்று ரெக்ஸின் பையில் திணித்து வாயை இறுக்கிக் கட்டினேன். மூடின பைக்குள் ஸ்பிரிட் காயாது என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அப்போது அது புத்தியில் உறைக்கவில்லை. காலை எட்டு மணிக்குப் பரீட்சை, கையில் குழாய் இல்லை என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிற்று.

4

தாராவியில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி ரப்பர் சாமான் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விட்டேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கடை முழுக்க வாஷர், டியூப், செருப்பு வார். நான் குழாய் கேட்டதும் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

‘எதுக்கு வாங்குதிய?’

‘காலேஜுக்கு.’

‘காலேஜுக்கா! என்ன ஊரு நீங்க?’

‘பாளையங்கோட்டை.’

‘அட, நம்ம ஊர்ப்பிள்ளையா!’ என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘தப்பா நினைச்சுக்கிடாதிய தாயி. இங்கன இந்தக் குழாயைக் கேட்டு வார பொம்பளைய எல்லாம் வேற சோலிக்காரிய. ரெண்டு பக்கமும் அடைச்சு, உள்ள சரக்கை ஊத்தி, சேலைக்குள்ள சுத்திக்கிட்டுப் போவாளுவ. சில பேரு டியூப்பைப் பை மாதிரி தச்சு வயித்துல கட்டிக்கிடுவா. போலீசு வேற இப்ப கெடுபிடியா இருக்கான். பாத்துப் போங்க.’

நம் மெட்ராஸ் மாகாணத்தில் இருக்கிற மாதிரியே இங்கேயும் மதுவிலக்கு. இருந்தும் எனக்கு ரோஷம்தான் வந்தது. என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? ‘எனக்கென்ன அண்ணாச்சி பயம்?’ என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். பையில் இடமில்லை. ரப்பர் குழாயை மடித்துத் திணித்தால் மடித்த இடத்தில் வெடிக்கும். அதையும் பிள்ளைகளுக்குத் தினம் சொல்கிறவள் நான்தான். ஆகவே அழகாக வளையம் வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டினேன். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று அதன்மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சயான் பக்கம் பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஹவல்தார் எதிரே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். திரும்பி வந்து தடிக்கம்பால் என் முந்தானை நுனியை லேசாகத் தூக்கினார். கறுப்பாகக் குழாய் எட்டிப் பார்த்தது.

‘சலோ’ என்றார்.

5

சௌக்கி என்றால் ஸ்டேஷனின் குட்டி. தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சுவரோரம் ஒரு பெஞ்சு. பின்பக்கம் சாக்குப் படுதாவுக்கு அந்தப்புறம் மோரி. கைகால் கழுவுகிற இடத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்திலும் காலிலும் பளிச்சென்று மஞ்சள், மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி, நிறைமாத வயிறு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். என்ன தொழில் என்று கேட்டார். ‘டெமான்ஸ்ட்ரேட்டர்’ என்றேன் இங்கிலீஷில். ‘எந்த டெமான்ஸ்ட்ரேஷன்? எந்தக் கட்சி ஊர்வலம்?’ என்றார். இல்லையில்லை என்று பதறி, ஹிந்தியில் விளக்கப் போனேன். ஸ்பிரிட்டுக்கு ஹிந்தியில் என்னவென்று தெரியவில்லை. வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டு, ‘எங்கள் காலேஜில் தினமும் தாருவை வைத்துத்தான் வேலை’ என்று சொல்லிவிட்டேன். தாரு என்றால் சாராயம். ஹவல்தார் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பையைத் திறந்தார்கள். குப்பென்று அறை முழுக்க வாடை. ஈரக் கோட்டை ஹவல்தார் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ‘சாப், இது புது டெக்னிக். துணியில் ஊறவைத்துக் கொண்டுபோய் அங்கே பிழிந்துகொள்கிறார்கள்’ என்றார். கோட்டைப் பார்த்தாலே லேப் என்று தெரியவில்லையா என்று கேட்டேன். தாதர் மார்க்கெட்டில் யார் வேண்டுமானாலும் கோட்டு வாங்கலாம் என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர், கல்லூரிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் பூட்டியாகிவிட்டது, தலைவர் எக்ஸாமினரை அழைத்துவர போரிபந்தர் ஸ்டேஷன் போயிருந்தார். செம்பூர் வீட்டில் எங்களுக்குப் போனா இருக்கிறது? ‘பெண் போலீஸ் வந்து சோதனை போடட்டும். அதற்குப் பிறகு டாக்டர். மற்றதைக் காலை பத்து மணிக்குக் கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்’ என்றார்.

பத்து மணிக்கா! எட்டு மணிக்கு எக்ஸாமினர் லேபில் நுழைவார். குழாய் என் தோளில் இருக்கும், நான் இந்தப் பெஞ்சில் இருப்பேன். போலீஸ்காரர் போன் பண்ணி ‘உங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் சாராயக் கேஸில் இருக்கிறார்’ என்று விசாரிப்பார். பெர்மனென்ட் கிடக்கட்டும், அந்த வாசலில் என்னை மறுபடி நிற்கவிடுவார்களா? பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்தவள் என் காதோரம் குனிந்தாள். சுத்தத் தென்பாண்டித் தமிழ். ‘ஏக்கா, சோலிக்குப் புதுசா? இப்படியா ஊரு பூரா நாறுத மாதிரி கொண்டுவருவா? ஒண்ணும் தெரியலையே ஒனக்கு!’

‘நான் அந்த வேலைக்காரி இல்லை. காலேஜில் சொல்லிக்கொடுக்கிறேன்.’

‘இப்பம் இதையெல்லாம் காலேஜுல வேற சொல்லிக் குடுக்காவளா?’ என்றாள்.

பெயர் செல்லக்கனி. உடன்குடிப் பக்கமாம். எத்தனை மாசம் என்று கேட்டேன். ‘எட்டு’ என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். எதற்குப் பிடித்தார்கள் என்றால், ‘சும்மா நடந்து போனேங்க்கா, புடிச்சிட்டான் பாவி’ என்றாள். அதைக் கேட்டதும் என் கவலை மறந்து ரத்தம் கொதித்தது. ‘பிள்ளைத்தாச்சியை இப்படியா உட்காரவைப்பது? உங்கள் வீட்டில் பெண்கள் இல்லையா?’ என்று சப்-இன்ஸ்பெக்டரைப் பிடித்து இங்கிலீஷில் விளாசினேன். பிறகு பெஞ்சு ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, அவள் சாய்ந்துகொள்ள இடம் விட்டேன். மத்தியானப் பதற்றத்தில் நான் தொடாமல் வைத்திருந்த எலுமிச்சை சாதத்தை டப்பாவோடு அவள் மடியில் வைத்தேன். பசியோடு சாப்பிட்டாள்.

6

சாதத்தைக் கொடுக்கும்போதுதான் ஹவல்தார் என் கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் திட்டுத் திட்டாக மஞ்சள். கெமிஸ்ட்ரிக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான், நைட்ரிக் ஆசிட் பட்ட கறை. தோல் உரிகிறவரை போகாது. எனக்குச் சட்டென்று பொறி தட்டிற்று. எழுந்துபோய்க் கையை மேஜைமேல் விரித்தேன்.

‘இதைப் பாருங்கள். சாராயக்காரிக்கு இந்தக் கறை எப்படி வரும்? இது ஆசிட்.’

‘ஹல்தி, சாப்’ என்றார் ஹவல்தார். மஞ்சள்தூள். ‘எங்கள் வீட்டுக்காரியின் கையும் இப்படித்தான் இருக்கிறது.’

பார்த்தாலே தெரிகிறதாம்! கல்லூரியில்தான் அப்படி என்றால் சௌக்கியிலுமா? எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ‘நிறத்தைப் பார்த்துப் பேர் சொல்லக் கூடாது’ என்று அதட்டினேன். ஹவல்தார் ஓரடி பின்னால் போனார். அவர் சட்டைப் பையில் புகையிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருக்கிற சின்னத் தகர டப்பி துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன்.

‘மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ரத்தச் சிவப்பாகும். ஆரத்தி கரைத்த எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஆசிட் கறை அப்படிச் சிவக்காது, ஆரஞ்சாகும். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு மாற்றிச் சொன்னேன் என்று வேண்டாம். ஆனால் பக்கத்தில் ஒரு பிளாங்க் வேண்டும். உண்மையான மஞ்சள்.’

‘ஏங் கால்ல தேய்ங்கக்கா!’ என்றாள் செல்லக்கனி. நான் கேட்காமலே காலை நீட்டிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்ததைப் பார்க்க எனக்கு மனசு இளகிப்போயிற்று. ஊர்க்காரி ஊர்க்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பாதத்தில் சுண்ணாம்பை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். குங்குமம் கொட்டின மாதிரி சிவந்தது. ஹவல்தார் ‘அரே!’ என்றார். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து குனிந்தார்.

அடுத்தது என் விரல். சுண்ணாம்பை எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை! காலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்திருக்கிறேன். இதே விரலால். அதற்கப்புறம் எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், சரிதான். ஆனால் நகக் கண்ணில் துளி மிச்சம் இருந்தாலும் போதும், நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சண்முகநாதா, நீதான் துணை என்று தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது விரல் அழுத்தமான ஆரஞ்சாக இருந்தது. காசிச் செவ்வந்தி நிறம். சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என் விரலையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரிப்பு வந்தது. ‘நைட்ரிக் ஆசிட்’ என்றார். ‘நானும் இன்டர் சயின்ஸ் படித்தேன், மேடம். கை மஞ்சளாக வீட்டுக்குப் போனேன். காமாலை என்று அம்மா என்னை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கீழாநெல்லி.’

நானும் சிரித்துவிட்டேன். குழாயை எடுத்து ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன். மறுமுனையில் காற்றுத்தான் வந்தது, சொட்டு ஈரமில்லை. ‘காலையில் பரீட்சை, போய்ச் சேருங்கள்’ என்றார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதியை எழுத வார்த்தை இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

செல்லக்கனி, ‘சுண்ணாம்பு எரியுது சாமி, காலைக் கழுவணும்’ என்று முனகினாள். நான்தான் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, பாவம், போகவிடுங்கள் என்று சிபாரிசும் செய்தேன். கையில் என் டப்பாவோடு சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போனாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஹவல்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘அம்மா, முதலில் உங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சௌக்கியே நாறுகிறது’ என்றார். கோட்டைப் பையில் திணித்தேன். நான் வாசலில் இறங்கவும் பெண் போலீஸ் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

7

பரீட்சை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எட்டு மணிக்கு எக்ஸாமினர் வந்தபோது எல்லாக் கண்டென்சரிலும் புதுக் குழாய் மாட்டியிருந்தது. ஒவ்வொரு இணைப்பாக விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஒழுகவில்லை. குற்றம் கண்டுபிடிக்க வேறு வழியில்லாமல் என் கையைப் பார்த்து, ‘இது என்ன, ஆரஞ்சு?’ என்றார். ‘ஆசிட் கறையில் காரம் பட்டுவிட்டது சார்’ என்றேன். ‘கவனமாக இருக்க வேண்டாமா?’ என்றார். இருக்கிறேன் சார் என்றேன். ஜூனில் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மாவுக்குத் தந்தி கொடுத்தோம். குழாய் வாங்கின பில்லுக்கான கமிட்டி மட்டும் இன்னும் கூடவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாதாரணமாக வாயைத் திறக்காத மனுஷர், விழுந்து விழுந்து சிரித்தார். கோமதி என் விரலைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மாகோ போலீஸ் பக்டா!’ என்று, போலீஸ் என்னைப் பிடித்த கதையைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் ஹிந்தி அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தேறியது.

அம்மாவுக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சௌக்கியிலிருந்து வெளியே வந்தேன் இல்லையா, பஸ் ஸ்டாப்பில் நின்றேன். செம்பூர் பஸ் வருவதாக இல்லை. விளக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண் என்ன ஆனாளோ, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது, ‘ஏக்கா! டப்பாவை விட்டுட்டுப் போய்ட்டியே!’ என்று குரல் கேட்டது. தெருவைக் குறுக்கே தாண்டி, கையை வீசிக்கொண்டு துள்ளி வந்தாள் செல்லக்கனி. கழுவின டப்பாவை நீட்டினாள். ஒரு பாதம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. நான் டப்பாவை வாங்கவில்லை. அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடி மாதிரி இருந்தாள்.

‘ஏட்டி... வயிறு?’

‘மோரியில பெத்துப் போட்டுட்டேங்க்கா’ என்றாள். ‘ஒரு சொட்டு மிச்சமில்லாம ஊத்தி, டியூப்பைச் சாக்கடையில தள்ளிவிட்டுட்டேன். ஊத்தினா அந்த எழவு வாடைக்கே எப்பமும் ஆம்புட்டுக்கிடுவோம். இன்னைக்கு ஒரு பய கண்டுபிடிக்கலையே! எல்லாம் ஒங் கோட்டுக்குப் புண்ணியம். பொம்பளைப் போலீசு தடவித் தடவிப் பாத்தா. வயிறு எங்கட்டின்னு கேட்டாவ, சரக்கு இல்லாம கேசு ஏது? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு விட்டுட்டாவ.’

‘எட்டு மாசம்னு என்கிட்டயுமா பொய் சொன்னே?’ என்று கேட்டேன்.

‘பின்ன? பிள்ளைத்தாச்சின்னுதானே நீ சோறு தந்தே?’ என்றாள். போகிறபோக்கில் திரும்பி, ‘உப்பு கொஞ்சம் கம்மிக்கா’ என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். கோபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். பஸ் வந்து ஏறி உட்கார்ந்து, செம்பூர் வருகிறவரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாளே நிற்கவைத்துச் சொல்கிறேன்: பிளாங்க் வைக்காமல் ஒரு சோதனையும் செய்யாதீர்கள். இப்போது அதோடு இன்னொரு வார்த்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏன் என்று அவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை. ‘பிளாங்க்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.’